தாராவி தானே எடுத்த கணக்கு

சயான் குன்றின் மீதுள்ள சிறு கோட்டை 1669க்கும் 1677க்கும் இடையில், ஜெரார்ட் ஆங்கியர் பம்பாயின் கவர்னராக இருந்த நாட்களில் எழுந்தது. ஆங்கிலேயர் வசமிருந்த பரேல் தீவு அவ்விடத்தில் முடிந்து, போர்த்துகீசியர் வசமிருந்த சால்செட் தீவு கழிமுகத்துக்கு அப்பால் தொடங்கியமையால், இரு ஆட்சிகளின் எல்லையைக் காக்கும் காவலிடமாக அது விளங்கிற்று. அக்குன்றிலிருந்து மேற்கே நோக்கியவர்களுக்கு அந்நாளில் தென்பட்டிருக்கக்கூடியவை, மாஹிம் கழிமுகம் வரையில் பரந்து கிடந்த சதுப்பு நிலமும், அதன் விளிம்பில் கோளி மீனவர்களின் குடில்களும், உலரும் வலைகளுமே. இன்று அதே திசையில், மத்திய ரயில்வேயின் சயான் நிலையத்துக்கும் மேற்கு ரயில்வேயின் மாஹிம் நிலையத்துக்கும் இடைப்பட்ட பூமியில், பத்து லட்சம் என்று பலராலும் மதிப்பிடப்படும் ஜனத்தொகை நெருங்கி வாழ்கிறது. இந்த ஜனங்கள் எத்தனை பேர் என்பதை எவர் எண்ணுவது, எண்ணிய ஏடு எவர் கையில் இருப்பது என்னும் கேள்வியைச் சுற்றியே தாராவியின் கடந்த அரை நூற்றாண்டுச் சரித்திரம் நிகழ்ந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். வறுமையைப் போக்குவதற்கென்று அரசாங்கமும் உலக வங்கியும் தொண்டு ஸ்தாபனங்களும் வகுத்த திட்டங்களில் ஏழை ஜனங்கள் பங்குபெற வேண்டும் என்பதை இன்று மறுப்பவர் எவருமில்லை. அந்தப் பங்கு எங்கே மெய்யாக இருந்தது, எங்கே வெறும் கையெழுத்தோடு நின்றுபோயிற்று என்பதை அறிய விரும்புகிறவர்கள் இந்தப் பூமியின் வரலாற்றைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

தாராவியை எவரும் திட்டமிட்டு நிர்மாணிக்கவில்லை. 1909ஆம் வருஷத்துப் பம்பாய் கெஜட்டியர் அதை நகரின் ஆறு பெரிய கோளிவாடாக்களுள், அதாவது கோளி மீனவர் குடியிருப்புகளுள், ஒன்றாகக் குறிப்பிடுகிறது. ஆயினும் அதற்கு முன்பே, தீவுகளை இணைத்த பாலங்களும் கரைகளும் கடல்நீரின் ஓட்டத்தைத் தடுத்து, கழிமுகத்தை மெல்ல மெல்லத் தூர்த்து, மீன்பிடித் தொழிலை நலியச் செய்திருந்தன. நகரம் தன் அருகில் வைத்துக்கொள்ளக் கூசிய தொழில்களெல்லாம் அந்தத் தூர்ந்த நிலத்தை நோக்கித் தள்ளப்பட்டன. பாந்த்ராவில் இருந்த ஆட்டுத்தொட்டி அருகாமையில் இருந்தபடியால், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொட்டிகள் தாராவிக்கு வந்தன. அவற்றை நடத்தியவர்களுள் தமிழ்நாட்டு முஸ்லிம்களும், அவற்றில் உழைத்தவர்களுள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற ஆதிதிராவிடர்களும் மிகுதி. சௌராஷ்டிரத்துக் குயவர்கள் நகருக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு விரட்டப்பட்டு, கடைசியாக 1930களில் தாராவியின் கும்பார்வாடாவில் நிலைகொண்டார்கள். சதுப்பை மண்ணும் குப்பையும் மரத்தூளும் கொட்டி மேடாக்கியவர்கள் அங்கே குடியேறியவர்களே; அந்த நிலத்தின் பெறுமதியைப் பற்றிப் பேசும்போதெல்லாம், பெறுமதியில்லாத சேற்றைப் பெறுமதியுள்ள பூமியாக்கிய அந்த உழைப்பை முதற்கண் நினைக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள் பிழைத்த விதத்தில் ஒரு சிறப்பு உண்டு. ஒரே ஊரைச் சேர்ந்த ஆடவர்கள் பலர் சேர்ந்து ஒரு கூடத்தைப் பிடித்து, அதில் பாயை விரித்துப் படுத்து, பொதுவாகச் சமைத்து உண்டு, செலவைப் பங்கிட்டு வாழ்ந்தார்கள். தாராவியில் இவற்றுக்குப் பொங்கல் வீடு என்று பெயர். ஊரிலிருந்து புதிதாக ரயிலேறி வருகிறவனுக்கு முதல் தங்குமிடமும் முதல் வேலையும் முதல் கடனும் அங்கிருந்தே கிடைத்தன. நோய்வாய்ப்பட்டவனை ஊருக்கு அனுப்புவதும், இறந்தவனின் ஈமக்கடன்களைச் செய்வதும், தகராறைத் தீர்ப்பதும் ஊர்க்காரர்களின் பொறுப்பாக இருந்தன. மாதாந்தரச் சீட்டு பிடித்துத்தான் கோலி என்னும் ஓரறை வீட்டுக்குப் பகடி என்னும் முன்பணம் கொடுத்தார்கள். சீட்டு பிடித்துத்தான் தகரக் கூரையைக் கழற்றி ஆஸ்பெஸ்டாஸ் போட்டார்கள். 1913ஆம் வருஷத்தியது என்று வழங்கும் தாராவிக் கணேசர் கோயிலும், தொண்ணூறு அடி ரோட்டில் தை முதல் நாளன்று நூற்றுக்கணக்கான பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் வழக்கமும் இந்தக் கூட்டு வாழ்வின் வெளித்தோற்றங்கள். அதே நகரில், இரண்டு மைல் தூரத்திலுள்ள மாட்டுங்காவில், கல்வியும் உத்தியோகமும் வாய்த்த தென்னிந்தியர்கள் ஆஸ்திக சமாஜத்தையும், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தையும் நிறுவினார்கள். அவர்களுடைய ஸ்தாபனங்களுக்குப் பதிவேடும் கட்டடமும் ஆண்டறிக்கையும் இருந்தமையால் சரித்திரத்தில் இடம் கிடைத்தது. தாராவியின் சீட்டுக் கணக்குகள் நோட்டுப் புத்தகங்களோடு மறைந்துபோயின.

சுதந்திர இந்தியாவில் ஜனங்களின் பங்கேற்பு என்னும் கொள்கை கிராமங்களில் பிறந்தது. 1946இல் சென்னை மாகாணத்தில் பிர்க்கா அபிவிருத்தித் திட்டம் தொடங்கிற்று; 1948இல் ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் உத்தரப் பிரதேசத்து இட்டாவா ஜில்லாவில் ஒரு முன்னோடி முயற்சியை நடத்தினார்; 1952 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தியடிகளின் பிறந்த நாளில், சமுதாய வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் அமுலாயிற்று. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பல்வந்த்ராய் மேத்தா கமிட்டி அதைப் பரிசீலித்து, அதிகாரிகள் வழிநடத்த ஜனங்கள் பின்செல்லும் ஏற்பாட்டில் ஜனங்களின் சுய முயற்சி எழவில்லை என்று கண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துகளிடம் அதிகாரத்தைக் கொடுக்கச் சொல்லிற்று. நகரங்களின் பங்குக்கு 1958இல் தில்லியிலும் 1967இல் ஹைதராபாத்திலும் சிறு முயற்சிகள் நடந்தன. பம்பாயின் குடிசைவாசிக்கு அந்நாட்களில் கிடைத்தது இடிப்பு ஒன்றே. கிராமத்து ஏழை நாட்டின் பிரஜையாகவும், நகரத்து ஏழை சட்டத்தை மீறியவனாகவும் கருதப்பட்ட அந்த மனோபாவத்தை மாற்றுவதற்கு இருபது வருஷங்கள் பிடித்தன; 1971இல் மகாராஷ்டிரம் குடிசைப் பகுதிகளைச் சீர்திருத்தும் சட்டத்தை இயற்றிய பிறகே, குழாயும் கக்கூசும் தெருவிளக்கும் அவர்களுக்கு வழங்கத்தக்கவை என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. 1976 ஜனவரியில் பம்பாயின் குடிசைகளெல்லாம் ஒரே நாளில் எண்ணப்பட்டு, குடும்பத் தலைவரின் படம் ஒட்டிய போட்டோ பாஸ் கொடுக்கப்பட்டது. மழையில் நனையாதபடி ரேஷன் கார்டோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைக்கப்பட்ட அந்த அட்டைதான், ஒரு குடும்பம் இந்நகரில் வாழ்கிறது என்பதற்கு அரசாங்கம் கொடுத்த முதல் அத்தாட்சி.

அந்த எண்ணிக்கை நடந்து நான்கு மாதங்கள் முடிந்தபோது, சயானுக்குக் கிழக்கே, செம்பூரைக் கடந்துள்ள ஜனதா காலனி தரைமட்டமாயிற்று. அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டியிருந்த அந்தக் குடியிருப்பில் ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்தார்கள். நகரின் உட்பகுதிகளிலிருந்து முனிசிபாலிட்டியாலேயே முன்னர் அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களுள் பலர். கோலார் தங்க வயலில் பிறந்த தமிழராகிய ஜோக்கின் அற்புதம், 1960களில் தச்சு வேலை தேடிப் பம்பாய்க்கு வந்து அந்தக் காலனியில் குடியேறினார். முனிசிபாலிட்டி குப்பை அள்ள மறுத்தபோது, பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்கு ஒரு பொட்டலமாகக் குப்பையைக் கட்டிக் கொடுத்து, ஊர்வலமாக அழைத்துச் சென்று, அதிகாரிகளின் அலுவலக வாசலிலே அதைக் குவிக்கச் செய்தவர் அவர். வெளியேற்றத்தை எதிர்த்து நீதிமன்றங்களிலும் தில்லியிலும் அவர் பல ஆண்டுகள் போராடினார். அவசர நிலைப் பிரகடனம் அந்தப் போராட்டத்தின் வாயை அடைத்தது. 1976 மே 17ஆம் தேதி தொடங்கிய இடிப்பில் ஜனங்கள் சீத்தா கேம்ப் என்னும் புதிய இடத்துக்கு அகற்றப்பட்டார்கள். அவ்வளவு பெரிய போராட்டம் ஏன் தோற்றது என்று அற்புதம் பின்னாட்களில் ஆராய்ந்தபோது அவருக்குத் தெளிவான விஷயம் முக்கியமானது: வேண்டாம் என்று சொல்வதற்கு ஜனங்களைத் திரட்ட முடிந்ததே தவிர, வேறு எது வேண்டும் என்று அரசாங்கத்தின் முன் வைப்பதற்கு அவர்களிடம் எண்ணிக்கையும் வரைபடமும் பணக் கணக்கும் இருக்கவில்லை. 1970களின் நடுவில் அவர் தோற்றுவித்த தேசிய குடிசைவாசிகள் சம்மேளனம் பின்னர் மேற்கொண்ட மார்க்கம் முழுவதும் இந்தத் தெளிவிலிருந்து கிளைத்தது.

1984இல் பைகுல்லாவில் ஸ்பார்க் என்னும் ஸ்தாபனம் தோன்றி, நடைபாதையில் வாழும் பெண்களோடு வேலை செய்யத் தொடங்கிற்று. 1985 ஜூலையில் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று கூறியபோதிலும், உரிய அறிவிப்போடு நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்றும் கூறிற்று. இடிப்பை எதிர்நோக்கிய நடைபாதைவாசிகள், ஸ்பார்க்கின் துணையோடு, தங்களைத் தாங்களே எண்ணத் தலைப்பட்டார்கள். சர்க்கார் ஏடுகளில் இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் 1985இல் அச்சேறின. அடுத்த வருஷம் அப்பெண்கள் மகிளா மிலன் என்னும் அமைப்பை உண்டாக்கி, நாள்தோறும் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ சேமித்து, அவசரத்துக்குத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொண்டார்கள். எழுத்தறியாத பெண்களும் நினைவாற்றலாலும் வண்ணக் காகிதத் துண்டுகளாலும் கணக்கு வைத்தார்கள். சேமிப்புத் தொகையைக் காட்டிலும் பெரிய லாபம், தினந்தோறும் ஒவ்வொரு குடிசைக்கும் ஒரு பெண் சென்று வருவதால், எந்த வீட்டில் எவர் இருக்கிறார், எவருக்கு வேலை போயிற்று, எவர் மருத்துவமனையில் கிடக்கிறார் என்னும் விவரம் அந்த வட்டாரத்துக்கே தெரிந்திருந்ததாகும். அதற்கு நிகரான புள்ளிவிவரம் எந்த இலாகாவிடமும் இருந்ததில்லை.

இந்த அனுபவம் தாராவியில் பிரவேசித்த சந்தர்ப்பத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1985 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபையின் நூற்றாண்டு விழாவுக்காகப் பம்பாய்க்கு வந்த பிரதம மந்திரி ராஜீவ் காந்தி, நகரின் சீரமைப்புக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரியாவின் தலைமையில் அமைந்த குழு யோசனைகள் கூறிற்று. நெரிசலைக் குறைக்கும் பொருட்டுச் சுமார் 20,000 குடும்பங்களைத் தாராவிக்கு வெளியே குடியமர்த்த வேண்டும் என்பது திட்டத்தின் ஆரம்ப உத்தேசம். அதற்கு ஆதாரமாக அரசாங்கம் கொண்டது, அங்கே இருப்பவை ஏறத்தாழ 55,000 குடும்பங்கள் என்னும் மதிப்பீடு. 1979இலேயே தாராவியில் தோன்றி, தண்ணீருக்கும் சாக்கடைக்கும் போராடி வந்த பிரௌட் என்னும் ஜனங்களின் அமைப்பு இதை எதிர்த்துக் கிளம்பிற்று. சம்மேளனமும் ஸ்பார்க்கும் வேறொரு காரியம் செய்தன. தாராவிவாசிகளைக் கொண்டே, சந்து சந்தாக, கோலி கோலியாக, மாடியில் வாடகைக்கு இருப்பவர் உள்பட அனைவரையும் 1986இல் எண்ணின. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள், ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் என்று வந்தது விடை. அரசாங்கத்தின் மதிப்பீட்டுக்கும் இதற்கும் இருந்த வித்தியாசம் கூட்டல் பிழையால் நேர்ந்ததன்று. சர்க்கார் மனிதர் வாசற்படிகளை எண்ணினார். உள்ளே எத்தனை அடுப்பு எரிகிறது என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும். 20,000 குடும்பங்களை அகற்றும் உத்தேசம் பின்னர் வெகுவாகக் குறைக்கப்பட்டது. எதிர்ப்புக்கு அதில் பங்கு உண்டு. எண்ணிக்கைக்கும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

பிரதமர் நிதித் திட்டத்தினால் அறுபது அடி ரோடும் தொண்ணூறு அடி ரோடும் அகன்றன, சாக்கடைகள் வந்தன, தோல் தொட்டிகள் தாராவிக்கு வெளியே தியோனாருக்கு மாற்றப்பட்டு, தோலை வைத்துப் பையும் பெல்ட்டும் செய்யும் தொழில் மாத்திரம் தங்கிற்று. வீடுகளைப் பொறுத்தவரையில், கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்தவர்களுக்குக் கடன் சுமையோடு அடுக்குக் கட்டடங்கள் எழுந்தன. அந்தச் சட்டகத்துக்குள்ளேயே, தாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று முன்வந்த ஒரு சங்கம் மார்க்கண்டேயா. அதில் 92 குடும்பங்கள். அவர்கள் ஏற்ற வீட்டமைப்பு, பைகுல்லாவின் நடைபாதைப் பெண்கள் துணியாலும் கழியாலும் முழு அளவில் கட்டிப் பார்த்து, அதற்குள் நடந்து, படுத்து, சமைப்பதுபோல் உட்கார்ந்து நிர்ணயித்ததாகும். தரையளவு சிறியது, கூரையோ 14 அடி உயரம், அந்த உயரத்தின் பாதியில் ஒரு பரண். அதில் பிள்ளைகள் படிக்கலாம், இரவில் உறங்கலாம். பகலில் கீழே தையல் இயந்திரமோ அப்பளப் பலகையோ இடம்பெறலாம். வேலையும் வாழ்வும் ஒரே அறைக்குள் நடக்கும் குடும்பத்துக்கு, தனியறைகளாகப் பிரித்த வீட்டைக் காட்டிலும் ஓங்கிய ஓர் அறை உபயோகமானது என்பதை அப்பெண்கள் உணர்ந்திருந்தார்கள். வீட்டு வசதிக் கழகமான ஹட்கோவிடம் கடன் பெறுவதும், அதற்கு ஜாமீன் தேடுவதும், அனுமதிகள் பெறுவதும், ஒப்பந்தக்காரர்களை மேய்ப்பதுமாக அந்தக் கட்டடம் 1990களின் நடுப்பகுதி வரையில் இழுத்தது. வட்டி ஏறிற்று, விலைவாசி ஏறிற்று, உறுப்பினர்களிடையே சச்சரவுகளும் நேர்ந்தன. எனினும் அந்த 92 குடும்பங்களின் பிரயத்தனம் பின்வந்தவர்களுக்குப் பாடமாயிற்று. ராஜீவ்-இந்திரா, பாரத் ஜனதா என்னும் சங்கங்கள் அடுத்த பத்தாண்டில் அதே வழியில் தாராவியில் கட்டடம் எழுப்பின. 14 அடிக் கூரையும் பரணும் ராஜீவ்-இந்திராவிலும் இடம்பெற்றன.

கக்கூசைப் பற்றி எழுதக் கூசுகிறவர்கள் நகரத்து ஏழைகளைப் பற்றி எழுதத் தகுதியற்றவர்கள். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் 2006ஆம் ஆண்டு அறிக்கை, தாராவியில் 1,440 பேருக்கு ஒரு கழிப்பிடம் என்று சொல்லிற்று. மும்பைத் தமிழர் அன்றாடம் வழங்கும் சண்டாஸ் என்னும் சொல்லைக் கேட்கும்போதே, விடியற்காலை நாலு மணி வரிசையும், கையில் பிடித்த தகர டப்பாவும், இருட்டும் முன் போய்வர வேண்டுமென்று பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமலிருக்கும் பெண்களின் வேதனையும் நினைவில் எழும். முனிசிபாலிட்டி கட்டிய கழிப்பிடங்கள் கட்டிய வருஷத்திலேயே கதவு போய், குழாய் போய், அடைபட்டு நின்றன. எவருடையதும் அல்லாத பொருளை எவரும் காப்பதில்லை. 1995இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய பம்பாய்க் கழிவுநீர்த் திட்டத்தின் ஓர் அங்கமாகக் குடிசைப் பகுதிச் சுகாதாரத் திட்டம் வகுக்கப்பட்டபோது ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. கழிப்பிடம் வேண்டும் வட்டாரம் முதலில் சங்கமாகப் பதிவாக வேண்டும்; வயது வந்தவர் ஒருவருக்கு 100 ரூபாய், குடும்பத்துக்கு 500 ரூபாய்க்கு மேற்படாமல் முன்பணம் கட்ட வேண்டும்; கட்டி முடிந்தபின் மாதாந்தரப் பாஸ் கட்டணம் வசூலித்துத் துப்புரவும் மின்சாரமும் தண்ணீரும் அந்தச் சங்கமே பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்விதம் முந்நூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் மும்பையில் எழுந்தன. பெண்களே அமைப்பைத் தீர்மானித்த இடங்களில் மாறுதல் தெளிவாகத் தெரிந்தது: ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு வாசல், வரிசையில் இடித்துத் தள்ளப்படும் சிறு குழந்தைகளுக்கென்று தனியே தாழ்வான பிடிகளோடு திறந்த இருக்கைகள், மேல்மாடியில் காவலாளியின் குடும்பத்துக்கு ஓர் அறை. புனாவில் 1999 முதல் இரண்டே ஆண்டுகளில் இம்முறையில் 400க்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. 2001 ஜூனில் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் கூடத்திலேயே மகிளா மிலன் பெண்கள் ஒரு மாதிரிக் கழிப்பிடத்தை நிறுத்திக் காட்டினார்கள். பொதுச் செயலர் கோபி அன்னான் வந்து பார்த்தார். பம்பாயில் வளர்ந்த தமிழரும் மானுடவியல் பேராசிரியருமான அர்ஜுன் அப்பாதுரை, இந்த இயக்கங்களை ஆராய்ந்து, ஆழமான ஜனநாயகம் என்று அவற்றுக்குப் பெயரிட்டார்.

இவ்வளவும் சொன்னபின், எதிர்ப்புறத்தையும் மறைக்காமல் சொல்வதுதான் நியாயம். ரயில் பாதையின் இருமருங்கிலும் 30 அடிக்குள் குடிசைகள் நெருங்கியிருந்தபடியால் சயான், குர்லா போன்ற இடங்களில் வண்டிகள் ஊர்ந்து செல்ல வேண்டியிருந்தது. 1980களின் இறுதியில் பாதையோரத்து ஜனங்கள் தங்களை எண்ணி, ரயில்வே குடிசைவாசிகள் சம்மேளனமாகத் திரண்டார்கள். எண்ணிய விவரத்தை ஒவ்வொரு சந்திலும் திரும்ப வாசித்துக் காட்டி, பிழை இருந்தால் திருத்தி, குடிசைக்கு எண்ணும் படமும் போட்டிருந்தார்கள். 2000ஆம் வருஷத் தொடக்கத்தில் ரயில்வே நிர்வாகம் திடீரென்று சுமார் 2,000 குடிசைகளை இடித்தபோது ஜனங்கள் தடுத்து நின்றார்கள். அந்த ஏடு கையில் இருந்தமையால் மாற்றிடம் கேட்டுப் பெறவும் முடிந்தது. அடுத்த ஓராண்டுக்குள் போலீஸ் தடியின்றி, புல்டோசரின்றி, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் தங்கள் குடிசைகளைத் தாங்களே பிரித்துக்கொண்டு மான்குர்த், வாஷி நாக்கா முதலிய இடங்களுக்குச் சென்றன. இது உலகெங்கும் புகழப்பட்டது. ஆனால் அந்தக் குடியமர்த்தலுக்குக் காரணமாயிருந்த, உலக வங்கிக் கடனோடு நடந்த நகரப் போக்குவரத்துத் திட்டத்தின் சாலைப் பகுதியில், சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலைக்காகப் பெயர்க்கப்பட்ட குர்லாக் கடைக்காரர்கள், தங்களுடன் ஆலோசனை நடக்கவில்லை, தங்கள் கடைகளின் அளவு கணக்கில் வரவில்லை என்று உலக வங்கியின் விசாரணைக் குழுவிடம் முறையிட்டார்கள். முறையீட்டில் நியாயம் இருப்பதாகக் குழு கண்டது. 2006 மார்ச்சில் வங்கி சாலைக்கும் குடியமர்த்தலுக்குமான பணத்தை நிறுத்தி, நிலைமை சீரானபின் ஜூனில் விடுவித்தது. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே திட்டத்தில், பெரும்பாலும் அதே தொண்டு ஸ்தாபனங்களின் துணையோடு நடந்தவை. பத்து வருஷம் தங்களையே எண்ணிப் பழகிய ஜனங்களுக்குக் கிடைத்ததும், பிறர் வந்து எண்ணிச் சென்ற ஜனங்களுக்குக் கிடைத்ததும் வெவ்வேறாயின. குடியேறிய இடங்களிலும், வேலைக்குச் செல்லும் தூரம், மின்தூக்கிச் செலவு, சங்கக் கட்டணம் ஆகியவை வீடு பெற்ற மகிழ்ச்சியைக் குறைத்தன என்பதை அங்கே வாழ்கிறவர்கள் சொல்லக் கேட்கலாம்.

சயானிலுள்ள லோகமான்ய திலகர் பொது மருத்துவமனையை ஜனங்கள் சயான் ஆஸ்பத்திரி என்றே அழைப்பார்கள். தாராவிப் பிள்ளைகளில் ஏராளமானோர் பிறந்த இடம் அது. அங்கே பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணியாற்றிய டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ், 1989இல் ஆசியாவிலேயே முதலாவதான தாய்ப்பால் வங்கியை நிறுவினார்; ஒரு தாய்க்கு மிகுந்த பாலை மற்றொரு தாயின் குறைமாதக் குழந்தைக்கு ஊட்டும் அந்த ஏற்பாடு, ஏழைப் பெண்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட தர்மமன்றி வேறென்ன? குழந்தைகள் நோயோடு வந்து சேரும் முன்பே வீட்டில் செய்ய வேண்டியது மிகுதி என்று உணர்ந்த அவர், 1999இல் ஸ்நேஹா என்னும் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தார். அது மும்பையின் குடிசைப் பகுதிகளில் பெண்கள் குழுக்களைக் கூட்டி, பிரசவமும் சிசு பராமரிப்பும் பற்றித் தாங்களே ஆலோசிக்கச் செய்தது. 48 வட்டாரங்களில் நடத்திய அந்தப் பரிசோதனையின் முடிவு 2012இல் வெளியாயிற்று. குழு கூடிய இடங்களுக்கும் கூடாத இடங்களுக்கும் பிரசவத்தை ஒட்டிய சிசு மரணங்களின் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்று அவர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள். பங்கேற்பு எந்த நோயையும் தீர்க்கும் என்று பேசுகிறவர்கள் இந்த நேர்மையை மதிக்கக் கற்க வேண்டும். குழு கூடுவதால் மாத்திரம் ஆஸ்பத்திரியில் படுக்கை பெருகாது. மறுபுறம், 2020 ஏப்ரலில் கொரோனா நோய் தாராவியில் நுழைந்தபோது, வட்டாரத்துத் தனியார் வைத்தியர்கள் மாநகராட்சி ஊழியரோடு சேர்ந்து வீடு வீடாகச் சென்று காய்ச்சல் பார்த்தார்கள். அவர்களைப் பல வருஷங்களாக அறிந்திருந்த ஜனங்கள் கதவைத் திறந்தார்கள்.

2004இல் மகாராஷ்டிர அரசாங்கம், தாராவியைப் பெரும் பகுதிகளாகப் பிரித்துக் கட்டடக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கும் புனர்நிர்மாணத் திட்டத்துக்கு இசைந்தது. 2007இல் உலகளாவிய டெண்டர் விளம்பரம் வெளியாயிற்று. மும்பையில் வேறெந்தக் குடிசைப் பகுதியைப் புதுப்பிப்பதாயினும் வாசிகளில் நூற்றுக்கு 70 பேரின் சம்மதம் வேண்டும் என்னும் அன்றைய விதி, இது அரசாங்கமே நடத்தும் திட்டம் என்னும் காரணத்தால் தாராவிக்குப் பொருந்தாது என்று விலக்கப்பட்டது. குறைகள் பல கொண்ட விதிதான் அது. பணம் கொடுத்தும் மிரட்டியும் வாங்கிய சம்மதங்களின் கதைகள் நகரெங்கும் உண்டு. ஆயினும் ஏழையிடம் கேட்க வேண்டும் என்னும் கடமையாவது அதில் எழுத்தில் இருந்தது. அதையும் அழித்துவிட்டு நடத்தும் அபிவிருத்தியை அபிவிருத்தி என்று அழைக்க என் மனம் இடங்கொடுக்கவில்லை. 2007 முழுவதும் ஊர்வலங்களும் கறுப்புக் கொடிகளும் தொண்ணூறு அடி ரோட்டை நிறைத்தன. பின்னர் அரசாங்கமே நியமித்த நிபுணர் குழு, மாநிலத்தின் முன்னாள் தலைமைச் செயலாளர் டி.எம். சுக்தன்கரின் தலைமையில் ஆராய்ந்து, 2009இல் முதலமைச்சருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், இது நயமான நில அபகரிப்பு என்னும் பொருள்பட எச்சரித்தது. அந்த முயற்சி ஓய்ந்தது. வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப எழுந்தது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்குக் கேட்டு டெண்டரை வென்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கிற்று.

2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன்னிருந்து தரைத்தளத்தில் வாழ்வதை நிரூபிக்கிறவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. பின்னர் வந்தவர்களுக்கும் மாடிகளில் இருப்பவர்களுக்கும் வேறு இடங்களில், வேறு நிபந்தனைகளோடு என்பது இன்றைய ஏற்பாடு. ஆகவே ஒவ்வொரு கோலியின் கதவிலும் எழுதப்படும் எண்ணும், எந்த மாடியில் எவர் எந்த வருஷம் வந்தார் என்னும் குறிப்பும் ஒரு குடும்பத்தின் வருங்காலத்தை நிச்சயிக்கின்றன. கோளிவாடாவினர் தங்கள் கிராமம் குடிசைப் பகுதியே அன்று என்று வாதாடுகிறார்கள்; கும்பார்வாடாவினர் சூளையும் முற்றமும் இல்லாத வீடு தங்களுக்கு எதற்கு என்று வினவுகிறார்கள்; மாடியில் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலிக் குடும்பங்கள் பழைய மின்சார ரசீதுகளையும் பள்ளிச் சான்றிதழ்களையும் தேடி எடுத்து வைத்திருக்கின்றன. 1986இல் மாடி உள்பட எல்லோரையும் எண்ணியவர்களின் பிள்ளைகள் இவர்கள். பட்டியல் முடிவாகும் முன், அன்று ரயில் பாதையோரத்தில் செய்ததுபோல், ஒவ்வொரு சந்திலும் அதை உரக்க வாசித்து, விட்டுப்போன பெயர்களை அந்தச் சந்தின் ஜனங்கள் முன்னிலையிலேயே சேர்க்க வேண்டும். அதற்குரிய ஆட்களும் அனுபவமும் தாராவிக்குள்ளேயே உண்டு.